54-ஆ, 56-ஆ? கோத்தகிரி இறக்கத்தில் போட்ட கணக்கு

என் உயரம் 175 செ.மீ. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கவட்டில் ஒரு தடித்த புத்தகத்தை இறுக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் 82 செ.மீ. அதை 0.67-ஆல் பெருக்கினால் ரோடு பைக் (வளைந்த ஹேண்டில் வைத்த சாலை சைக்கிள்) ஃப்ரேம் அளவு செ.மீ.-இல் வரும் என்பது பழைய கணக்கு. எனக்கு வந்தது 55. கடையில் இருப்பதோ 54, 56.

"பெருசாவே எடுத்துக்குங்கண்ணா, சௌகரியமா இருக்கும்" என்றார் கோவைக் கடைக்காரர். அவரிடம் 56 மட்டும்தான் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. நண்பரிடம் அதே மாடலில் 56 இருந்ததால் ஒரு வாரம் இரவல் வாங்கி ஓட்டினேன். பிறகு வாங்கியது 54. இரண்டு வருடமாகிறது.

ஏற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சீட்டை இரண்டிலும் ஒரே உயரத்துக்கு வைத்துவிடலாம். ஃப்ரேம் எடையில் உள்ள வேறுபாடு ஒரு வர்க்கிப் பொட்டலத்துக்குக்கூட வராது.

இறக்கம்தான் விஷயம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கி.மீ.; பெரும்பகுதி பிரேக்கில் விரல் வைத்தபடியே போகவேண்டும். அதற்கு ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து, முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும். 56-இல் எட்டிப் பிடித்ததில் கை விறைத்து நீண்டது. சாலையில் தார் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு மேடும் நேராகத் தோளில் இடித்தது. பாதி வழியில் உள்ளங்கை மரத்துப்போய், கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கிப் பார்த்தோம். எட்டியது, ஆனால் ஹேண்டில் துறுதுறுவென்று திரும்பியது. அதிலும் முன்பக்கக் குழாய் உயரம் என்பதால் ஹேண்டிலை அதற்குக் கீழே இறக்க வழியில்லை. 54-இல் அந்தச் சிக்கல் இல்லை: எட்டம் குறைந்தால் 10 மி.மீ. நீளமான ஸ்டெம், தாழ்வாகத் தோன்றினால் அடியில் ஸ்பேசர் எனும் வளையம்.

54-இலும் குறை இல்லாமல் இல்லை. வளைவில் மெதுவாக ஏறும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் உரசும். ஒருமுறை கிட்டத்தட்ட விழுந்தேன். நாள் முழுக்கச் சமவெளியில் ஓட்டுபவருக்கு 56 ஒருவேளை சுகமாக இருக்கலாம். என் ஒரு வார அனுபவம் முழுக்க மலைதான். கால் குட்டை, உடல் நீளம் என்றாலும் கணக்கு மாறும். கம்பெனிக்குக் கம்பெனி 54 என்பதே வேறு, அதனால் எண்ணை விட்டுவிட்டு ரீச், ஸ்டாக் (பெடல் அச்சிலிருந்து முன்பக்கக் குழாயின் மேல்முனை எவ்வளவு முன்னால், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது) அளவுகளை ஒப்பிடுங்கள்.

வாங்கிய அன்றே ஃபோர்க் குழாயை (ஸ்டெம் மாட்டும் குழாய்) வெட்ட மட்டும் விடாதீர்கள்; வெட்டிவிட்டால் பிறகு ஸ்பேசர் போட்டு ஹேண்டிலை உயர்த்த இடமிருக்காது. என்னுடையதில் ஸ்டெம்முக்கு மேலே இன்னமும் ஒரு செ.மீ. ஸ்பேசர் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது.