நியூயார்க்கில் கிளாசிக் ராக் கேட்க: க்யூ 104.3-ஆ, சிரியஸ் எக்ஸ்எம்-ஆ?

காரில் ஏறியதும் பழைய ராக் பாட்டு வேண்டும் என்பவர்களுக்கு நியூயார்க்கில் இரண்டு வழிகள். ஒன்று, 1996 முதல் கிளாசிக் ராக் ஒலிபரப்பும் க்யூ 104.3 எஃப்எம். மற்றொன்று, செயற்கைக்கோள் வழியாக வரும் சிரியஸ் எக்ஸ்எம்.

செயற்கைக்கோள் வானொலிக்குச் சந்தா கட்ட வேண்டும். பதிலுக்கு, இசை அலைவரிசைகளில் விளம்பரத் தொல்லை இல்லை. அறுபதுகள், எழுபதுகளுக்கு 'கிளாசிக் வினைல்', அதற்குப் பிந்தைய கேசட் காலத்துக்கு 'கிளாசிக் ரீவைண்ட்' என்று பிரித்தே தருகிறார்கள். நியூயார்க்கில் தொடங்கி கலிபோர்னியா வரை ஓட்டினாலும் அதே அலைவரிசைதான். நெடுந்தூரப் பயணத்துக்கு இதை அடிக்க ஆள் இல்லை.

க்யூ 104.3 எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒலிபரப்பாகிறது. எஃப்எம் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும் என்பதால் நகரத்தை விட்டு வெகுதூரம் போனால் இரைச்சல்தான் மிஞ்சும். விளம்பரங்களும் உண்டு. ஆனால் கேட்கக் காசு கட்ட வேண்டாம். அப்புறம், பேசுகிறவர் நம் ஊர்க்காரர். வெளியே மழை கொட்டும்போது அவருக்கும் அதே மழைதான்.

ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் வரும் அமெரிக்க நன்றி சொல்லும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் நாட்களில் நேயர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த 1,043 பாடல்களை வரிசையாகப் போடுகிறார்கள். அலைவரிசை எண்ணே பாடல் எண்ணிக்கை! பெரும்பாலான ஆண்டுகளில் லெட் செப்பலின் ராக் இசைக்குழுவின் பாட்டுக்குத்தான் முதலிடம். முடிவு தெரிந்தும் மக்கள் கடைசிவரை காத்திருந்து கேட்கிறார்கள். ஒரு ஊரே சேர்ந்து கேட்கிற இந்தச் சுகத்தைச் சந்தா கட்டி வாங்க முடியாது.

தினமும் ஊருக்குள்ளேயே ஓட்டுபவர் என்றால் க்யூவே போதும் என்பேன்.