கீழமாசி வீதியில் வாங்கிய அமுக்கரா

நைட் ஷிப்ட் முடிந்து காலை ஒன்பது மணிக்குப் படுத்தால் கண் மூடாது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் இதே பாடு. தெரிந்த சித்த மருத்துவர் அமுக்கராச் சூரணம் எழுதிக் கொடுத்தார்; அமுக்கரா வேர் சேர்ந்த மருந்துப் பொடி அது. ஆன்லைனில் முதலில் வாங்கிய டப்பாவில் வாசனையே இல்லை. அப்புறம்தான் மதுரை கீழமாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பெரியவர் ஒரு வேரை எடுத்து என் கண்முன்னே ஒடித்தார். படக்கென்று முறிந்தது, உள்ளே மாவு மாதிரி வெள்ளை. "மோந்து பாரும்மா" என்றார். குதிரை லாயத்து வாடை! அமுக்கராவுக்கு அசுவகந்தா என்ற பெயரே அதனால் வந்ததுதான்; அசுவம் என்றால் குதிரை, கந்தம் என்றால் வாடை.

சூரணத்தின் சேர்மானத்தைக் கேட்டதும் விரல்விட்டுச் சொன்னார்: கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதற்கு இரண்டு மடங்கு. கூட்டிப் பாருங்கள், பாதிக்குச் சர்க்கரைதான். கலப்படம் என்று நினைத்துவிடாதீர்கள், மருந்தின் முறையே அப்படித்தான்.

மாமியாருக்கும் ஒரு பொட்டலம் கேட்டேன். "சுகர் மாத்திரை சாப்பிடுறாங்களா? டாக்டர்கிட்டக் கேக்காம குடுக்காதே" என்று தர மறுத்துவிட்டார். கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் அதே பேச்சுதான். வந்த வியாபாரத்தை விட்டுவிட்டு இப்படிச் சொல்கிற கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வேராக வாங்கினால் மருந்தாக்கும் முன் சுத்திகரிக்கணும், இதைச் சுத்தி செய்வது என்பார்கள். சட்டியில் பாதிக்குப் பாலும் தண்ணீரும் ஊற்றி, சட்டி வாயில் துணி கட்டி, இடித்த பொடியை அதில் பரப்பி, மூடி அவிக்க வேண்டும். புட்டு அவிக்கிற மாதிரிதான். பிறகு நன்றாகக் காயவைத்து மறுபடி இடித்துச் சலிக்கணும். அரை நாள் வேலை. எனக்கு அதற்கு நேரமில்லாததால் சூரணமாகவே வாங்கினேன்.

மருத்துவர் சொன்னபடி சாப்பாட்டுக்குப் பின் அரை டீஸ்பூன், வெதுவெதுப்பான பாலில். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் படபடப்பு அடங்கியது, நாலு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கினேன். தூக்க மாத்திரை மாதிரி அடித்துப் போடவில்லை, எழுந்தால் தலை பாரமும் இல்லை.

ஒரே குறை, பொட்டலத்தில் அரைத்த தேதி கிடையாது. நான் கேட்டு, பேனாவால் எழுதி வாங்கினேன். காகிதத்தில் இருந்தால் சர்க்கரை கசிந்து கட்டி கட்டியாகிவிடுகிறது, வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.