சேஸியைக் கட்டுவதா, சக்கரத்தைக் கட்டுவதா? மூடிய ட்ரெய்லருக்குள் ஒரு ஸ்பைடர்

கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்டி என்ற மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. நாங்கள் இருப்பது மிச்சிகன் கேன்டனில். இங்கிருந்து டென்னசி - வட கரோலினா எல்லையில் இருக்கும் டீல்ஸ் கேப் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டே போகலாம்தான். ஆனால் வழியில் இருக்கும் நாக்ஸ்வில் வரை ஏறத்தாழ 500 மைல், பெரும்பகுதி ஐ-75 நெடுஞ்சாலையில் நேர்கோட்டுப் பயணம். ஸ்பைடரின் அகலமான பின் டயர் நேர்சாலையில் நடுவில்தான் அதிகம் தேயும். டீல்ஸ் கேப்பில் 11 மைலில் 318 வளைவுகள் இருக்கிற யூஎஸ் 129 சாலைக்காகச் சேர்த்து வைத்த டயரை ஓஹையோவிலும் கென்டக்கியிலும் தேய்க்க எனக்கு மனசு வரவில்லை. குடும்பமும் கூட வரவேண்டும், நடுவில் மழை பெய்யலாம். அதனால் 6 அடி அகலம், 12 அடி நீளத்தில் பழைய மூடிய ட்ரெய்லர் ஒன்றை வாங்கினேன்.

வண்டியை உள்ளே ஏற்றியதும் கேள்வி வந்தது: எதைப் பிடித்துக் கட்டுவது? சேஸியிலும் (வண்டியின் சட்டம்) சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளிலும் கொக்கி போட்டு நாலு மூலைக்கும் இழுப்பது ஒரு வழி. மூன்று டயர்களையும் தரையோடு சேர்த்துக் கட்டிவிட்டு உடம்பைத் தொடாமல் விடுவது இன்னொரு வழி. இரண்டையும் செய்து பார்த்தேன். இப்போது இரண்டாவது வழிக்காரன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் இதற்கு முன்னால் வைத்திருந்தது இரு சக்கர பைக். அதை ஏற்றியவர்களுக்குக் கை தானாகவே கீழ்நோக்கி இழுக்கப் பழகியிருக்கும். பைக் சாயாமல் நிற்க வேண்டுமென்றால் முன் ஃபோர்க்கைக் கொஞ்சம் அமுக்கித்தான் கட்டவேண்டும், வேறு வழியில்லை. ஸ்பைடருக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. அது தானாக நிற்கும். தடுக்க வேண்டியது அது முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்வதை. இந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. பைக்கைக் கட்டின மாதிரியே, முன்பக்கம் சஸ்பென்ஷன் கைகளில் இரண்டு ராட்செட் (இறுக்கும் பிடியுள்ள பட்டை), பின்பக்கம் சேஸியில் இரண்டு ராட்செட் என்று போட்டு, வண்டி ஒரு அங்குலம் இறங்கும் வரை இறுக்கினேன். குலுக்கிப் பார்த்தேன். ட்ரெய்லரே சேர்ந்து ஆடியது. கல் மாதிரி இருக்கிறது என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன்.

ஓஹையோவில் லைமா தாண்டி ஒரு ஓய்விடத்தில் நின்றபோது மனைவி சொன்னாள்: "ஒருதரம் உள்ள திறந்து பாத்துடுங்களேன்." பக்கக் கதவைத் திறந்தேன். வலது முன் ஸ்ட்ராப் துணிக்கொடி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் எஸ் வடிவக் கொக்கி வளையத்தை விட்டுக் கழன்று ஒட்டுப்பலகைத் தரையில் கிடந்தது. வண்டியின் மூக்கு இரண்டு விரல் அகலம் வலப்பக்கம் திரும்பி, முன் ஃபெண்டர் சுவரில் உரசிக்கொண்டிருந்தது. பலகையில் பிறை வடிவில் ஒரு கறுப்புத் தேய்ப்பு, ஃபெண்டரில் வெள்ளையாக ஒரு கீறல். புறப்பட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

ராட்செட் வழுக்கவில்லை, பட்டையும் நீளவில்லை. அமுக்கிக் கட்டிய வண்டியை ஸ்பிரிங் மேலே தள்ளுகிறது, ஸ்ட்ராப் கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாக இருக்கும் வரைக்கும்தான் இறுக்கம். காங்கிரீட் சாலையின் இணைப்புகளில் ட்ரெய்லர் தடதடக்கும்போது உடம்பு இன்னும் ஒரு அங்குலம் இறங்கும். அந்த நொடியில் ஸ்ட்ராப் தளரும், திறந்த வாய்க் கொக்கி நழுவ அந்த ஒரு நொடி போதும். மூடும் நாக்கு உள்ள கொக்கியாக இருந்தால் கழன்றிருக்காது, அது உண்மை. ஆனால் தளர்ந்து இறுகி, தளர்ந்து இறுகி என்ற ஆட்டம் மட்டும் அப்போதும் இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் வண்டி மயிரிழை மயிரிழையாக நகரும்.

திறந்த ட்ரெய்லராக இருந்தால் இதை நான் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். பின்கண்ணாடியில் வண்டி தெரியும், ஸ்ட்ராப் படபடத்தால் கண்ணில் படும், ஓரம் கட்டி இறுக்கிக்கொள்ளலாம். மூடிய ட்ரெய்லரில் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. உள்ளே என்ன நடந்தாலும் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும். அதனால் "எது அதிக இறுக்கம்" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "எது பார்க்காமல் விட்டாலும் இறுக்கமாகவே இருக்கும்" என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. என் முடிவு முழுக்க இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

டயரைக் கட்டினால் ஸ்பிரிங் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. டயர் தரையோடு ஒட்டியிருக்கும். உடம்பு சாலையில் ஓடும்போது எப்படி மேலும் கீழும் ஆடுமோ அப்படியே ஆடிக்கொள்ளட்டும், அதற்காகத்தானே சஸ்பென்ஷன் இருக்கிறது. டெட்ராய்ட் பக்கம் இருப்பவர்கள் புதுக் கார்களை ஏற்றிப்போகும் லாரிகளைத் தினமும் பார்க்கிறோம். அடுத்த முறை சக்கரத்தைக் கவனியுங்கள். அவற்றில் பெரும்பாலும் டயரைச் சுற்றித்தான் பட்டை போயிருக்கும்.

கோணத்திலும் லாபம் இருக்கிறது. 6 அடி ட்ரெய்லருக்குள் சுவருக்குச் சுவர் 68 முதல் 70 அங்குலம். ஆர்டியின் அகலம் சுமார் 62. பக்கத்துக்கு மூன்று நாலு அங்குலம்தான் மிச்சம். சேஸியிலிருந்து பக்கவாட்டில் இழுக்க இடமே கிடையாது, ஸ்ட்ராப் கிட்டத்தட்ட செங்குத்தாகத்தான் இறங்கும். செங்குத்தாக இழுக்கும் ஸ்ட்ராப் வண்டியை அமுக்குமே தவிர, பிரேக் அடிக்கும்போது முன்னால் பாயாமல் தடுப்பதில் அதன் பங்கு குறைவு. டயரிலிருந்து போகும் பட்டை தரையை ஒட்டிப் படுத்தவாறு போவதால், இழுவையில் பெரும்பகுதி எந்தத் திசையில் வேண்டுமோ அந்தத் திசையிலேயே வேலை செய்கிறது.

எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்கு அமெரிக்க வணிக லாரிகளுக்கான மத்திய விதி நல்ல அளவுகோல். சரக்கு முன்னோக்கி 0.8 ஜி (அதாவது தன் எடையில் 0.8 பங்கு விசை), பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 0.5 ஜி தாங்க வேண்டும் என்கிறது அது. நம் சொந்தப் பயணத்துக்கு அது கட்டாயம் இல்லை, ஆனால் பிரேக்குக்கு அது தெரியாதே. பெட்ரோலோடு ஆர்டியின் எடையை 500 கிலோ என்று வைத்தால், முன்னோக்கிய தள்ளுதல் 400 கிலோ. கடையில் 1,500 பவுண்டு என்று அச்சிட்டு வரும் ஓரங்குல ராட்செட்டின் பாதுகாப்பான சுமை அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 500 பவுண்டுதான். அறுந்துபோகும் அளவைப் பெரிய எழுத்திலும் வேலைச் சுமையைச் சின்ன எழுத்திலும் போடுவார்கள். சின்ன எழுத்தைப் படியுங்கள். நான் இப்போது பயன்படுத்துவது இரண்டு அங்குலப் பாலியஸ்டர் பட்டை, வேலைச் சுமை 3,333 பவுண்டு. நைலான் வேண்டாம், ஈரம் பட்டால் நீளும்.

கட்டும் விதம் இதுதான். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் ரிம்மின் கால்களுக்கு நடுவே மென்பட்டை வளையத்தை நுழைத்து, டயரையும் ரிம்மையும் சேர்த்துச் சுற்றி, முன்னோக்கி ஒரு இழுவை, பின்னோக்கி ஒரு இழுவை. பார்க்கிங் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும் என்பதால் முன் சக்கரங்கள் உருளாமல் இரு திசையிலும் இழுத்தே ஆகவேண்டும். பின் டயரின் கீழ்ப்பாதியைச் சுற்றிப் பின் மூலைகள் இரண்டுக்கும் ஒரு பட்டை. வளையத்தை நுழைக்கும்போது ரிம்முக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பிரேக் குழாயும் ஏபிஎஸ் ஒயரும் அங்கேதான் இருக்கின்றன, பட்டை அவற்றைத் தொடவே கூடாது. பின் சக்கரத்தை ஓட்டும் பெல்ட் பக்கமும் அப்படியே.

இந்த முறையில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்பைடரின் முன் டயர்களில் காற்றழுத்தம் குறைவு, 20 பிஎஸ்ஐ அல்லது அதற்கும் கீழே. இறுக்கும்போது டயர் பிதுங்கும், சில மைல் ஓடியதும் சற்றுத் தளரும். குளிர் 10 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் இந்த அழுத்தத்தில் அரை பிஎஸ்ஐக்குச் சற்று மேல் குறையும் என்பதால், நவம்பரில் கட்டிய பட்டை ஜனவரியில் அதே இறுக்கத்தில் இருக்காது. அதனால் ஏற்றுவதற்கு முன் காற்றைச் சரிபார்த்துவிட்டு, முதல் இருபது மைலில் ஒருமுறை நின்று இறுக்குகிறேன். அதற்கப்புறம் தேவைப்பட்டதில்லை. இன்னொன்று, குனிந்து கையை விட இடம் பத்தாது. முன் பட்டைகளைப் பக்கக் கதவு வழியாகவும் பின் பட்டையைச் சாய்தளக் கதவு வழியாகவும் போட்டுவிடலாம். முன் சக்கரங்களின் பின்னிழுவைக்குத்தான் வயிற்றைச் சுவரில் ஒட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

சேஸி முறைக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. கையில் இருக்கிற ராட்செட்டுகளே போதும், தரையில் டி வடிவ இரும்பு வளையம் நாலு இருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். பக்கத்து ஊர் மெக்கானிக் வரைக்கும் போய்வர நான்கூட அதைத்தான் செய்வேன். ஆனால் குளிர்காலம் முழுக்க வண்டியை ட்ரெய்லரிலேயே வைப்பவர்கள் ஸ்பிரிங்கை அமுக்கியபடி மாதக்கணக்கில் விடவேண்டாம்.

முன் சக்கரங்களுக்குத் தரையில் தடுப்புக் கட்டை மட்டும் அடித்து, பின்னால் ஒரே ஒரு ஸ்ட்ராப் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். வண்டியை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்தக் கட்டை அருமையான உதவி. நானும் இரண்டு மரத்துண்டுகளைத் திருகி வைத்திருக்கிறேன். கட்டும் வேலையை அதனிடம் ஒப்படைக்க மாட்டேன்.

கொக்கி மாட்டும் இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. டி வளையமா, வரிசையாகத் துளைகள் உள்ள இரும்புப் பட்டையான ஈ-டிராக் தண்டவாளமா என்றால் ஈ-டிராக். இருக்கும் துளைகளில் எதில் வேண்டுமானாலும் மாட்டலாம், வளையம் எங்கே இருக்கிறதோ அங்கே இழுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. எதுவானாலும் வெறும் முக்கால் அங்குல ஒட்டுப்பலகையில் மரத்திருகு போட்டு மாட்டினால், 3,333 பவுண்டுப் பட்டைக்கு அர்த்தமே இல்லை, திருகு பிய்ந்துவரும். தரையில் திருகுத் தலைகள் ஒரே கோட்டில் வரிசையாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இரும்புக் குறுக்குச்சட்டம் ஓடுகிறது. அங்கே துளைத்து போல்ட் நட்டோடு மாட்டுங்கள். நடுவில் மாட்ட நேர்ந்தால் அடியில் தகடு வையுங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. காசு இருந்தால் 7 அடி அகல ட்ரெய்லர் வாங்குங்கள். 6 அடியில் ஓட்டி ஏற்றினால் இறங்கி வருவதே பெரும்பாடு, நான் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டு இழுக்கிறேன். வண்டியின் வயிறு தரையிலிருந்து நாலரை அங்குலம்தான், சாய்தளத்தின் உச்சியில் இடிக்கும். ட்ரெய்லரின் முன் ஜாக்கைத் தூக்கினால் பின்பக்கம் தாழ்ந்து சரிவு குறையும். அரைத் தானியங்கி கியர் உள்ள எஸ்இ6 மாடலில் கியரில் போட்டால் நிற்கும் என்று நம்பவேண்டாம், எஞ்சின் அணைந்ததும் கிளட்ச் விட்டுவிடும். பார்க்கிங் பிரேக்கைத்தான் போடவேண்டும். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கியில் உட்கார வேண்டும். ஸ்பைடர் எங்கே நின்றால் இது சரியாக வருகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் தண்டவாளத்துக்குத் துளை போடுங்கள்.

ஹார்லி ட்ரை கிளைடு வேறு கதை. அதற்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. நண்பர் ஒருவர் கட்டும்போது கூட நின்று பட்டை பிடித்ததுதான் என் அனுபவம். முன் சக்கரத்தை ஒரு தடுப்புக்குள் விட்டு ஹேண்டில் திரும்பாமல் நிறுத்தினார், பின் சக்கரங்கள் இரண்டையும் டயரோடு கட்டினார். எனக்கு அது சரியாகவே பட்டது. ஆனால் அதை இழுத்துக்கொண்டு நெடுந்தூரம் நான் போனதில்லை.

டயரோடு கட்டி டீல்ஸ் கேப் போய்வந்தது இதுவரை இரண்டு முறை. இரண்டு முறையும் கட்டி முடித்ததும் பட்டையும் ஈ-டிராக்கும் சேரும் இடத்தில் வெள்ளைச் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். நகர்ந்தால் கோடு உடையும். கென்டக்கியிலிருந்து டென்னசிக்குள் நுழைந்த பிறகு வரும் மலை இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே பிரேக்கை அழுத்தி அழுத்தித்தான் இறங்க வேண்டியிருந்தது. இறங்கி முடித்ததும் முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பக்கக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறு கோடுகளும் போட்ட இடத்திலேயே இருந்தன.