நான்கு ஆண்டுகளாக எங்கள் வகுப்பில் ஓடும் தேனீ

சிறப்புக் கல்வி வகுப்பில் ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு பீ-பாட் என்ற தேனீ வடிவ ரோபோவை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். திரை கிடையாது, முதுகில் ஏழு பொத்தான்கள் மட்டும். எழுத்தறியாத குழந்தையும் முதல் நாளே அதை ஓட வைத்துவிடும்.

முன் அம்புக்குறியை ஒரு முறை அழுத்தினால் 15 செ.மீ. நகரும். இட, வல அம்புக்குறிகள் நின்ற இடத்திலேயே 90 பாகை திருப்பும். அந்த 'நின்ற இடத்திலேயே' புரிவதற்குத்தான் எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. வலப்பொத்தானை அழுத்தினால் தேனீ வலப்பக்கக் கட்டத்துக்குப் போய்விடும் என்றே எல்லாரும் காத்திருந்தார்கள். தேனீ நம்மைப் பார்த்து நின்றாலோ இடம் வலமாகிவிடும்! கடைசியில் தரையில் நாடா ஒட்டிப் பெரிய கட்டங்கள் போட்டேன். ஒரு பிள்ளை தேனீயாக நிற்கும். இன்னொரு பிள்ளை முதுகில் தொட்டால் ஓர் அடி, தோளில் தொட்டால் அந்தப் பக்கம் திரும்புதல். 1967-இல் குழந்தைகளுக்கான லோகோ என்ற கணினி நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் வலியுறுத்தியதும் இதுதான்: லோகோ கட்டளைகளால் நகரும் ஆமை ரோபோவின் அசைவைக் குழந்தை தன் உடலைக் கொண்டே புரிந்துகொள்ளும். படித்தபோது தலையசைத்திருக்கிறேன், தோளைத் தொட்டதும் ஒரு சிறுமி பாதங்களை மட்டும் மெல்லத் திருப்பி, நகராமல் நின்ற அன்றுதான் நம்பினேன்.

தேனீ ஓடும் கட்டம் போட்ட விரிப்பு சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் தேனீ கோணலாகப் போகும். ஒலி தாங்காத குழந்தைகளுக்காக அடியில் உள்ள விசையால் ஓசையை நிறுத்திவிடலாம். இது எங்களுக்குப் பெரிய நிம்மதி.

கட்டளைகளை வரிசையாக அழுத்தி முடித்த பிறகுதான் தேனீ ஓடும்; அதுவரை அழுத்தியவை கண்ணுக்குத் தெரியாது என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். வரிசையை மனத்தில் வைத்திருக்க முடியாத பிள்ளைக்கு இது பெரும்பாடு. அம்புக்குறி அட்டைகளை முதலில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுவிட்டு அழுத்தச் சொல்கிறேன். விரல்களை நுணுக்கமாக இயக்கச் சிரமப்படுவோருக்கு, கட்டளை வில்லைகளைச் செருகும் பலகையோடு இணைகிற, இதே வகை ரோபோவான புளூ-பாட் இன்னும் ஏற்றது. வரிசை கண்முன்னே இருக்கும். தவறான வில்லையை மட்டும் மாற்றினால் போதும்.

பீ-பாட் பழைய கட்டளைகளையும் மறப்பதில்லை. அழிக்காமல் புதியவற்றை அழுத்தினால், பழையவற்றோடு சேர்த்தே ஓடும். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் ஒருநாள் சரியாகத்தான் அழுத்தினான். தேனீ வேறெங்கோ போனது. விரிப்பைச் சுருட்டி எறிந்துவிட்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் மேல் தவறே இல்லை, நான்தான் அழிக்கும் பொத்தானைப் போதுமான அளவு பழக்கவில்லை. மறுநாள் அந்தப் பொத்தானுக்கு அடையாளமாகப் பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை செய்து, ஒவ்வொரு வரிசைக்கும் முதலில் வைத்தேன். வாரக்கணக்கில் அவன் அதைத் தொடவில்லை. பிறகு தொட்டான், அழுத்தினான், தேனீ சொன்ன கட்டத்தில் நின்றது.

பக்கத்தில் இருப்பவருக்கு எதையும் கொடுக்காத பிள்ளை அவன். சென்ற மாதம் எதிரில் இருந்தவளின் தேனீ வழிதவறிப் போய், அவள் உதடு பிதுங்கியது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் பெருக்கல் குறி அட்டையை விரிப்பின் மேல் தள்ளி, அவள் முழங்காலருகே வைத்தான்.