சேலத்தில் புது கார் எடுக்கிறீர்களா? ஆன்ரோடு தாளை வரி வரியாகப் படியுங்கள்

சேலத்தில் புது கார் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். தள்ளுபடி எவ்வளவு தருவீர்கள் என்று மணிக்கணக்கில் பேரம் பேசிப் பயனில்லை. தள்ளுபடியைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, வேறு வேறு பெயர்களில் அதற்கு மேலேயே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

ஏற்காட்டில் இருக்கும் அப்பா அம்மாவுக்காகத்தான் வண்டி. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதும் ஷோரூம்களில் கூட்டம் அள்ளியது. அதையே சாக்காக வைத்து, "இன்னைக்கே புக் பண்ணாத்தான்ணா இந்த ஆஃபர், நாளைக்கு நான் கேரண்டி தர முடியாது" என்று விற்பனைத் தம்பி அவசரப்படுத்தினார். எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது ஆயுள் வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேர்க்காத விலை, 8,45,000 ரூபாய். மேனேஜரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, 40,000 ரூபாய் தள்ளுபடி என்றார். ஒரு பிரோஷரின் பின்பக்கத்தில் பேனாவால் மொத்தத் தொகையை மட்டும் எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் போட்டுக் கொடுத்தார். உடைத்து எழுதித் தாருங்கள் என்று நான் விடாமல் கேட்ட பிறகுதான் அச்சடித்த ஆன்ரோடு கொட்டேஷன், அதாவது எல்லாச் செலவும் சேர்த்து வண்டி ரோட்டுக்கு வரும் விலைத் தாள், வந்தது.

ஆயுள் வரியில் யாரும் கை வைக்க முடியாது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் 13 சதவீதம். எங்கள் வண்டிக்கு 1,09,850 ரூபாய். அது சரியாகவே இருந்தது. தாளில் அதற்கு அடுத்து, "ரெஜிஸ்ட்ரேஷன் செலவுகள் 14,500". காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய்தான். கடனில் எடுத்தால் அடமானப் பதிவுக்கு இன்னொரு 1,500. அதற்கு மேல் ஸ்மார்ட் கார்டு, சாலைப் பாதுகாப்பு வரி என்று எதைச் சேர்த்தாலும் அந்தத் தொகை பக்கத்தில்கூட வராது. மீதி எதற்கு என்று கேட்டால், "ஆர்டிஓ ஆபீஸ் செலவு சார், உங்களுக்குத் தெரியாததா?" என்றார்கள். எனக்குத் தெரியாது. ரசீது இருந்தால் காட்டுங்கள் என்றேன். அன்றைக்கு யாரும் காட்டவில்லை.

இன்சூரன்ஸ் 46,800. அதே இன்சூரன்ஸ் கம்பெனி, அதே ஐடிவி (காப்பீட்டில் வண்டிக்குப் போடும் மதிப்பு), அதே கூடுதல் கவர்கள். வெளியில் கேட்டால் 31,000 சொச்சம். இதைக் காட்டியதும், "வெளியில போட்டா கேஷ்லெஸ் கிடைக்காது, தள்ளுபடியும் கேன்சல் ஆகிடும்" என்றார்கள். இது வெறும் மிரட்டல். இன்சூரன்ஸை எங்கே எடுப்பது என்பது வாங்குபவரின் விருப்பம், டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2017-லேயே விதி போட்டுவிட்டது. கேஷ்லெஸ் (ரிப்பேர் செலவை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவது) என்பது அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம்; பாலிசியை எந்தக் கவுண்டரில் வாங்கினோம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 வருடம் கட்டாயம், சொந்தச் சேதத்துக்கு 1 வருடம் போதும். இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லி ஒப்பிடுங்கள்.

அப்புறம் "எசென்ஷியல் கிட்" 22,000. மேட், மட்ஃப்ளாப், சீட் கவர். கட்டாயமா என்றால், இல்லை, ஆனால் அது இல்லாமல் அந்த ஆஃபர் வராது. வண்டியின் அடியில் பூசும் அண்டர்பாடி கோட்டிங்கும், பெயிண்டுக்கு மேல் பூசும் டெஃப்லானும் 13,500. வண்டி ஏற்காட்டுக்குப் போகிறது என்று தெரிந்ததும், "மலையில பனி ஜாஸ்திண்ணா, அடியில துரு ஏறிடும், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குற வண்டி இது" என்று அம்மாவைப் பயமுறுத்தினார்கள். துருப்பிடிக்காத பூச்சு பூசித்தான் கம்பெனியே வண்டியை அனுப்புகிறது. மலையில் இருப்பவர்களின் பயத்தை வைத்துக் காசு பார்ப்பது எனக்கு எல்லாவற்றையும் விட அசிங்கமாகப் பட்டது.

உண்மையான அடி டெலிவரி அன்றைக்கு. நல்ல நேரம் 10.30 முதல் 12 என்று அவர்களிடமே சொல்லியிருந்தோம். பாக்கிப் பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது, மாலை போட்டாகிவிட்டது, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. அப்போது கேஷியர் கூப்பிட்டு, "ஹேண்ட்லிங் சார்ஜ் 9,500 இருக்கு" என்கிறார். கொட்டேஷனில் அந்த வரியே கிடையாது. யார்டிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவாம். எக்ஸ்-ஷோரூம் விலை என்பதே ஷோரூமில் நிற்கும் வண்டிக்கான விலைதானே? மணி 11.40. அப்பா, "கட்டித் தொலைப்பா, நேரம் போகுது" என்கிறார். சாவி அவர்கள் கையில். கட்டினேன். கொடுத்த ரசீதில் வேறு ஏதோ பெயர், ஜிஎஸ்டி எண் இல்லை. நல்ல நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அது முடியும் தறுவாயில் பணம் கேட்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

புக்கிங் பணம் கொடுக்கும் முன்பே ஒவ்வொரு செலவும் தனித்தனியாக எழுதிய கொட்டேஷனை முத்திரையோடு வாங்குங்கள். இதற்கு மேல் எதுவும் கிடையாது என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பேரம் கடைசித் தொகைக்கு மட்டும். வண்டி 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகும், அதற்காகச் சண்டை போட வேண்டாம். டீலர் தரும் விற்பனைச் சான்றான ஃபார்ம் 21-இல் தயாரிப்பு மாதம், வருடம் இருக்கும், அதைப் பணம் முழுதும் கட்டுவதற்கு முன் பாருங்கள். டெலிவரிக்கு முதல் நாளே கணக்கை முடித்து, பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

நான் கார் கம்பெனிக்கு மெயில் போட்டேன், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிந்தேன். ஹேண்ட்லிங் பணம் 9,500 திரும்ப வந்தது. வரி கட்டிய ரசீது நகலும் அதோடு வந்தது. பதிவுக் கட்டணம் 600, அடமானப் பதிவு 1,500 என்றுதான் அதில் இருக்கிறது. அந்த 14,500-இல் மிச்சத்துக்கு இன்னும் பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கக் காகிதங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் 200 ரூபாய்தான், 2 வருடத்துக்குள் போக வேண்டும். இதே மாதிரி ரசீது கையில் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.