குளுவாரா, வாரியரா? மோதாமலே போன இரண்டு கவசக் கப்பல்கள்

இரும்புக் கவசக் கப்பல் என்றதும் பலரும் நேராக அமெரிக்காவுக்குப் போய்விடுவார்கள். அங்கே உள்நாட்டுப் போர் நேரம், 1862 மார்ச் 9, ஹாம்ப்டன் ரோட்ஸ் கடற்பகுதி. மானிட்டர், வர்ஜீனியா என்ற இரண்டு எதிரெதிர்க் கவசக் கப்பல்கள் மணிக்கணக்கில் மாறி மாறிச் சுட்டுக்கொண்டும் இரண்டில் ஒன்றுகூட மூழ்காத கதை. நல்ல கதைதான். ஆனால் அவை கரையோரத் தண்ணீருக்காகக் கட்டப்பட்டவை. மானிட்டர் அதே வருடத்தின் கடைசி நாளில் புயலில் சிக்கி மூழ்கியே போனது. நடுக்கடலில் நின்று சண்டை போடும் கவசக் கப்பலை எப்படிக் கட்டுவது என்ற வழக்கு அதற்கு முன்பே ஐரோப்பாவில் ஆரம்பித்துவிட்டது. வாதி பிரான்சின் குளுவார், பிரதிவாதி இங்கிலாந்தின் வாரியர். இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை.

வழக்கு ஏன் வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பீரங்கிக் குண்டு வெறும் இரும்பு உருண்டை. மரக்கப்பலில் ஓட்டை போடும், ஆட்களைக் கொல்லும், ஆனால் கப்பலை எரித்து முடிப்பது அபூர்வம். உள்ளே வெடிமருந்து வைத்து, மரத்தில் புதைந்த பிறகு வெடிக்கும் குண்டு வந்ததும் கணக்கு மாறியது. 1853 நவம்பரில் சினோப் துறைமுகத்தில் நின்ற துருக்கிப் படையை ரஷ்யர்கள் இந்தக் குண்டுகளால் எரித்தே தீர்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து, கிரிமியப் போரில், கின்பர்ன் கோட்டைக்கு முன்னால் பிரான்ஸ் பீரங்கி ஏற்றிய மூன்று கவச மிதவைகளைக் கொண்டுபோய் நிறுத்தியது. கோட்டைப் பீரங்கிகள் அடித்த குண்டுகள் தகட்டில் பட்டுத் தெறித்தன. மிதவைகளால் சொந்தமாகச் சரிவர நகரக்கூட முடியாது. இருந்தும் பார்த்தவர்களுக்குப் பாடம் புரிந்துவிட்டது. அடுத்த வேலை, அந்தக் கவசத்தைக் கடலோடும் கப்பலில் மாட்டுவது.

மூன்றாம் நெப்போலியனின் கப்பல் வடிவமைப்பாளர் டுப்புய் த லோம் எடுத்த முடிவு ரொம்ப எளிமையானது. பிரான்சின் இரும்புத் தொழில் அப்போது முழுக் கப்பலையும் இரும்பில் வரிசையாகக் கட்டித்தரும் நிலையில் இல்லை. மர வேலை தெரிந்த தச்சர்களும் கட்டுமானத் தளங்களும் கைவசம் இருந்தன. சரி, உடல் மரமாகவே இருக்கட்டும், மேலே இரும்புச் சட்டை போடுவோம். 1858-இல் துலோனில் வேலை ஆரம்பித்து, 1859 நவம்பர் 24-இல் குளுவார் தண்ணீரில் இறங்கியது. 78 மீட்டர் நீளம், 5,600 டன், 36 பீரங்கிகள். சுமார் நாலரை அங்குலத் தகடு, அதற்குப் பின்னால் தடித்த மரம். முக்கியமான விஷயம், நீர்மட்டத்தில் முன்னிருந்து பின் வரை விடாமல் கவசம்.

அதற்கு 12 நாள் முன்புதான் இங்கிலாந்து விக்டோரியா என்ற பெரிய மரக்கப்பலை இறக்கியிருந்தது. மூன்று அடுக்கு, 121 பீரங்கிகள். கல்யாணத்துக்குத் தைத்த பட்டுச்சட்டை முகூர்த்தத்தன்றே பழசாகிப்போன மாதிரி.

இங்கிலாந்தின் பதில் நேர் எதிர்த்திசையில் வந்தது. மரத்துக்குச் சட்டை போடுவதற்குப் பதிலாக உடம்பையே இரும்பில் செய்தார்கள். லண்டனில், தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த தனியார் தளத்தில் 1859 மே மாதம் தொடங்கினார்கள். 1860 டிசம்பர் 29, இறக்கும் நாள். அந்தக் குளிரில் கப்பல் சறுக்குமேடையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. இழுவைப் படகுகளை வைத்து இழுத்து, நீரியல் அழுத்திகளால் தள்ளித்தான் நகர்த்தினார்கள். நீளம் 128 மீட்டர், எடை 9,000 டன்னுக்கு மேல்.

இந்த நீளத்தை வெறும் பந்தா என்று நினைக்க வேண்டாம். மரக்கப்பலை ஓர் அளவுக்கு மேல் நீட்ட முடியாது. அலை நடுவில் தூக்கும்போது இரண்டு முனையும் தொங்கி முதுகு வளையும், மூட்டுகள் விட்டுப்போகும். கனத்த நீராவி இயந்திரத்தை உள்ளே வைத்து ஓட்டினால் அந்த அதிர்ச்சி வேறு. இரும்பில் அந்தத் தொல்லை இல்லை. நீளமான உடல் தண்ணீரைச் சுலபமாகக் கிழித்துக்கொண்டு போகும். வாரியர் நீராவியில் மட்டும் 14 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடியது, குளுவார் 13-ஐ ஒட்டி. ஒரு நாட் வித்தியாசம்தானே என்று தோன்றலாம். கடலில் வேகமானவன்தான் எவ்வளவு தூரத்தில் நின்று சுடுவது, எப்போது விலகுவது என்று முடிவு செய்கிறான்.

இன்னொரு வித்தியாசம் கடல் கொந்தளிக்கும் நாளில் தெரியும். குளுவாரின் பீரங்கிச் சாளரங்கள் நீர்மட்டத்துக்கு மேல் 2 மீட்டர் உயரம்கூட இல்லை. அலை கொஞ்சம் எழும்பினாலே மூட வேண்டியதுதான். சாளரம் மூடிய போர்க்கப்பல் வெறும் சரக்குக் கப்பல். வாரியர் இந்த விஷயத்தில் நிம்மதியாக இருந்தது. அதற்காகக் குளுவார் வகையைக் கரைப் படகு என்று தள்ளிவிடவும் கூடாது. அதன் தங்கைக் கப்பலான நார்மண்டி 1862-இல் அட்லாண்டிக்கைக் கடந்து மெக்சிகோவுக்குப் போனது. கவசக் கப்பல் ஒன்று அந்தக் கடலைத் தாண்டியது அதுவே முதல் முறை.

இதுவரை படித்தால் வாரியர் பக்கமே தராசு சாய்வது போல இருக்கும். அதன் பின்புறத்தைப் பார்க்கும் வரைதான். 420 அடி நீளக் கப்பலில் நடுவிலுள்ள 213 அடிக்குத்தான் கவசம். அந்த நடுப்பகுதி ஒரு பெட்டி மாதிரி, முன்னும் பின்னும் குறுக்கே கவசச் சுவர். பெட்டிக்குள் இருந்தால் பிழைத்தாய். வெளியே முன்முனை, பின்முனை இரண்டும் சாதாரண இரும்புத் தகடு. தண்ணீர் புகுந்தால் பரவாதபடி அறை அறையாகத் தடுத்திருந்தார்கள், அது புத்திசாலித்தனம். ஆனால் சுக்கானைத் திருப்பும் அமைப்பும் அந்தக் கவசமில்லாத பின்முனையில்தான் இருந்தது. ஒரே ஒரு நல்ல குண்டு போதும், இங்கிலாந்தின் பெருமை வட்டம் அடித்துக்கொண்டே நிற்கும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 1866 ஜூலை 20, லிஸ்ஸா தீவுக்கு அருகே இத்தாலியும் ஆஸ்திரியாவும் மோதின. இத்தாலியின் ரே டி இத்தாலியா கவசக் கப்பலின் சுக்கான் அடிபட்டுச் செயலிழந்தது. திரும்ப முடியாமல் தவித்தபோது ஆஸ்திரியத் தளபதி டெகெட்ஹாஃபின் கப்பல் நேராக வந்து விலாவில் இடித்தது. சில நிமிடங்களில் மூழ்கியது, நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். அதைப் பார்த்துவிட்டு ஐரோப்பா முழுக்கப் பல பத்தாண்டுகளுக்கு எல்லாக் கப்பலுக்கும் இடிக்கும் மூக்கு வைத்தார்கள். என்னைக் கேட்டால் லிஸ்ஸாவில் படித்திருக்க வேண்டிய பாடம் மூக்கு அல்ல, சுக்கான்.

பிரிட்டிஷ் கடற்படைக்கு அந்தக் குறை முன்பே உறுத்தியிருக்க வேண்டும். வாரியருக்குப் பின் வந்த அக்கிலீஸ் 1863-இல் இறங்கியபோது உடல் வாரியரைப் போல இரும்பு, நீர்மட்டக் கவசமோ குளுவாரைப் போல முனைக்கு முனை. பிரான்சிலும் இதே கலப்பு நடந்தது. குளுவாரின் கூடவே திட்டமிட்ட கூரோன் என்ற கப்பலுக்கு அவர்களே இரும்பு உடல் கொடுத்தார்கள். ஆக, இரண்டு பக்கமும் எதிராளியிடம் இருந்ததில் நல்லதை எடுத்துக்கொண்டார்கள்.

பராமரிப்பு பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மர உடலுக்கு ஒரு சௌகரியம் உண்டு, அடியில் செப்புத் தகடு அடிக்கலாம். பாசியும் கொட்டலசும் ஒட்டாது. இரும்பின் மேல் செம்பை நேராக அடித்தால் உப்புத்தண்ணீரில் இரும்பு அரித்துப்போகும். அதனால் இரும்புக் கப்பல் சில மாதம் கடலில் இருந்தாலே அடிப்பக்கம் தாடி வளர்ந்து வேகம் குறையும். உலர்துறைக்கு இழுத்துச் சுரண்ட வேண்டும். வாரியரின் கவசத் தகடுகளையும் ஒன்றோடொன்று நாக்கும் பள்ளமுமாகக் கோத்திருந்தார்கள். கெட்டியாக நிற்கும், ஆனால் அடிபட்ட ஒன்றை மட்டும் கழற்றி மாற்றுவது பெரும்பாடு. அப்புறம் அந்த நீளம். வேகம் தந்த அதே நீளம் திரும்பும்போது உயிரை வாங்கியது. 1868-இல் ராயல் ஓக் என்ற சொந்தப் படைக் கப்பலோடு மோதி, வாரியர் தன் முகப்புச் சிலையையே பறிகொடுத்தது.

1861-இல் இங்கிலீஷ் கால்வாயில், அமைதியான ஒரு நாளில் இரண்டும் மோதியிருந்தால்? வாரியர் மேல்தான் பணம் கட்டுவேன், முழு மனசோடு அல்ல. அதன் புதிய ஆம்ஸ்ட்ராங் பீரங்கிகள், குழாயின் பின்பக்கம் வழியாகக் குண்டைத் திணித்துப் பூட்டும் வகை. பூட்டு சரியாக நிற்காமல் வெடித்துத் தெறிக்கும் தொல்லை அவற்றுக்கு இருந்தது. பழைய 68 பவுண்டு பீரங்கிகளே நம்பகமானவை. நாலரை அங்குலத் தகட்டை இரு தரப்பின் குண்டும் லேசில் துளைத்திருக்காது. பின்முனை அடிபடாத வரை வாரியர் தன் இஷ்டத்துக்கு விளையாடியிருக்கும்.

எப்படியும் அந்த ஆட்டம் பத்து வருடத்தில் பழசாகிவிட்டது. 1871-இல் இறங்கிய பிரிட்டிஷ் கப்பலான டெவஸ்டேஷனில் பாய்களே கிடையாது. பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கி வைக்கும் வழக்கத்தை விட்டு, சுழலும் இரண்டு கோபுரங்களில் நாலே நாலு ராட்சதப் பீரங்கிகள்.

குளுவார் வகைக் கப்பல்களுக்குச் சரியாகக் காயாத மரத்தைப் போட்டிருந்தார்கள். அதனால் நார்மண்டியின் ஆயுசு 1871-இலும், இன்னொரு தங்கையான இன்வின்சிபிளின் ஆயுசு 1876-இலும் முடிந்தன, குளுவாரை 1883-இல் உடைத்தார்கள். வாரியரின் இரும்பு உடலோ சாக மறுத்தது. 1929 முதல் ஐம்பது வருடம் வேல்ஸில் எண்ணெய் நிரப்பும் மிதவையாகக் கிடந்தது. 1979-இல் ஹார்ட்டில்பூலுக்கு இழுத்துப்போய்ப் புதுப்பித்து, 1987-இல் போர்ட்ஸ்மவுத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இன்றும் ஏறிப் பார்க்கலாம். அதே 1987-இல் ஹார்ட்டில்பூலுக்குப் புதுப்பிக்க வந்து சேர்ந்தது இன்னொரு கப்பல். இலங்கையின் திருகோணமலைப் பெயரைத் தாங்கிய டிரிங்கோமலி, 1817-இல் பம்பாயில் மலபார்த் தேக்கில் கட்டியது. முழுக்க மரம், இன்னும் மிதக்கிறது.