பீட்டில் இன்ஜினில் காற்றுத் தகடு காணோம்: எதை வாங்கி மாட்டுவது?

3ஆம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வில், வால்வு இடைவெளி பார்க்கும் 0.15 மி.மீ. கேஜ் நுழையவே இல்லை. மற்ற வால்வுகளில் எல்லாம் லேசான பிடிப்போடு ஒழுங்காகப் போய் வருகிறது. ஐநூறு கிலோமீட்டருக்கு முன்புதான் எட்டையும் சரி செய்து மூடியிருந்தேன். வால்வின் தண்டு சூட்டில் நீண்டாலோ, வால்வு உட்காரும் சீட் உள்வாங்கினாலோதான் இந்த இடைவெளி இவ்வளவு வேகமாக மூடும். கவனிக்காமல் ஓட்டினால் ஒரு நாள் வால்வின் தலை முறிந்து பிஸ்டன் மேல் விழும்.

வண்டி 1968 ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1500 இன்ஜின். எனக்கு முன்பே யாரோ பிரித்துப் பூட்டியது. டார்ச்சோடு கீழே படுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. சிலிண்டர்களுக்கு அடியில் இருக்க வேண்டிய வளைதகடுகள் இரண்டும் இல்லை. தெர்மோஸ்டாட் இல்லை. எக்ஸாஸ்ட் சூட்டால் காருக்குள் வெப்பக்காற்று தரும் ஹீட்டர் பெட்டிகளைக் கழற்றிவிட்டு வெறும் எக்ஸாஸ்ட் குழாய் மாட்டியிருந்தார்கள், ஆனால் அந்தப் பெட்டிகளுக்குக் காற்று அனுப்பும் இரண்டு வாய்களும் விசிறிக் கூட்டில் ஆவென்று திறந்தே கிடந்தன.

இந்த இன்ஜினில் ரேடியேட்டர் கிடையாது. டைனமோ தண்டின் நுனியில் விசிறி. அதைச் சுற்றி ஒரு பெரிய தகரக் கூடு. விசிறி இழுக்கும் காற்றை அந்தக் கூடு இடம் வலமாகப் பிரித்து, நான்கு சிலிண்டர்கள் மேலும் வால்வுகள் இருக்கும் இரண்டு ஹெட் மேலும் அழுத்தித் தள்ளும். பழைய வெஸ்பா, பஜாஜ் ஸ்கூட்டர்களில் சிலிண்டரை மூடி ஒரு கவர் இருக்குமே, அதே வேலைதான். வித்தியாசம், இங்கே அந்தக் கவர் பல துண்டுகள். ஒரு துண்டு போனாலும் காற்று சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். சூடான இடம் சூடாகவே இருக்கும்.

தகடு இல்லாத இன்ஜின் கையில் வந்தால் பொதுவாக நான்கு வழிகளில் ஒன்றைச் சொல்வார்கள். நான்கையும் யோசித்தேன், இரண்டைச் செய்து பார்த்தேன்.

முதலில் எல்லோரும் சொல்வது தனி ஆயில் கூலர். விசிறி வைத்த கூலரை வண்டிக்கு அடியில் எங்காவது மாட்டி, இரண்டு ஹோஸ் இழுத்துவிட்டால் தீர்ந்தது என்பார்கள். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். தவறு. 2.5 லிட்டர் ஆயில்தான் இந்த இன்ஜினுக்கு, அதைக் குளிர்விப்பது நல்லதுதான், பேரிங்குகளுக்கு ஆயுள் கூடும். ஆனால் ஹெட்டின் சூட்டை எடுப்பது பெரும்பாலும் காற்று. ஆயில் டெம்பரேச்சர் கேஜ் அழகாக இறங்கியது, 3ஆம் சிலிண்டர் வால்வு மறுபடியும் இறுகியது. ஆயில் முள்ளைப் பார்த்து நிம்மதியாக ஓட்டுவது இதில் இருக்கிற பெரிய ஆபத்து. இன்ஜின் அறைக்குள், விசிறி காற்றை இழுக்கும் வாய்க்கு முன்னால் கூலரை மாட்டுகிறவர்களும் உண்டு. கூலர் விட்ட சூட்டையே விசிறி வாங்கி ஹெட்டுக்கு அனுப்பும். அதைக் கட்டாயம் செய்யாதீர்கள்.

அடுத்தது, பளபளவென்று குரோம் பூசி வரும் புதுக் கூடு. கடையில் உடனே கிடைக்கும், பார்க்க லட்சணமாக இருக்கும். வாங்கும் முன் கவிழ்த்து உள்ளே பாருங்கள். ஒரிஜினல் கூட்டுக்குள் காற்றை இடம் வலமாகப் பங்கு பிரிக்கிற தடுப்புகள் ஸ்பாட் வெல்டு செய்யப்பட்டிருக்கும். அடியில் தெர்மோஸ்டாட் இழுக்கிற கதவுகள் இருக்கும். மலிவான புதுக் கூடுகள் பலவற்றில் இரண்டும் இருக்காது, உள்ளே வெறும் கூண்டு. ஓரங்களும் சரியாக உட்காராது. சிலிண்டர் கவருக்கும் கூட்டுக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து விட்டால், காற்று அந்தச் சந்து வழியாகத்தான் போகும்.

ஹீட்டர் வாய்கள் இல்லாத பழைய பாணிக் கூட்டை விரும்புகிறவர்கள் இன்னொரு ரகம். ஐம்பதுகளில் வந்த 1192 சிசி இன்ஜினின் தோற்றம் அது. ஹீட்டர் வேண்டாம் என்பவர்களுக்கு அடைக்க வேண்டிய ஓட்டை இரண்டு குறையும், நியாயமான காரணம்தான். ஆனால் இதில் ஆயில் கூலர் கூட்டுக்குள்ளேயே, இடது பக்கக் காற்றின் பாதையில் நிற்கும். கூலரைக் கடந்து சூடான காற்றுதான் 3ஆம் சிலிண்டருக்குப் போய்ச் சேரும். என் 1500-இலும் இதே அமைப்புதான். ஃபோக்ஸ்வாகனுக்கும் இது தெரியும். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் அந்தக் காலத்து டிஸ்ட்ரிபியூட்டர்கள் சிலவற்றில் 3ஆம் சிலிண்டருக்கு மட்டும் பொறியைச் சற்றுத் தாமதமாக விடும்படி உள்ளே சுழலும் கேமைக் கடைந்திருப்பார்கள். 1971 மாடலில்தான் கூலரைக் கூட்டுக்குப் பின்னால் தள்ளி, அதற்குத் தனி அறை கட்டி, சூட்டுக் காற்றை இன்ஜின் அறைக்கு வெளியே விட்டார்கள். விசிறியையும் அகலமாக்கினார்கள். நாய்க்கூண்டு போலத் துருத்திக்கொண்டிருப்பதால் ‘டாக்ஹவுஸ்’ என்று பெயர். எனக்கு இந்த இரண்டில் எது என்று யோசிக்கவே தோன்றவில்லை, டாக்ஹவுஸ்தான். வாங்கினால் செட்டாக வாங்க வேண்டும்: கூடு, அகல விசிறி, கூலர், அதை உட்காரவைக்கும் அலுமினியத் தாங்கி, சூட்டுக் காற்றை வெளியே கொண்டுபோகும் தகடு, கூலருக்கும் கூட்டுக்கும் இடையே வருகிற சின்னத் தகடும் ஃபோமும். கடைசிச் சாமானை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கூலரைத் தொடாமலே காற்று பக்கவாட்டில் ஓடிவிடும்.

நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது பழைய ஜெர்மன் தகடுகள். எடைக்குப் போக இருந்த 1600 இன்ஜின் ஒன்றிலிருந்து டாக்ஹவுஸ் செட் முழுவதும் கழற்றினேன். துரு, ஒடுக்கு, நாற்பது வருட ஆயில் அழுக்கு. ஆனால் சுத்தம் செய்து வைத்தபோது ஒவ்வொரு துளையும் தன் போல்ட்டைத் தானே தேடிக்கொண்டது போல உட்கார்ந்தது. ஒடுக்கை மரச்சுத்தியால் எடுத்து, மெல்லிய கறுப்புப் பெயின்ட் அடித்தேன். விசிறி நட் 36 மி.மீ. விசிறிக்கும் கூட்டுக்கும் இடையே சுமார் 2 மி.மீ. இருக்கும்படி ஷிம் (மெல்லிய வளையம்) வைத்துப் பார்க்க வேண்டும், உரசினால் ஊளையிடும்.

இனி, பணம் குறைவாக இருந்தால் எதை முதலில் வாங்குவது? பெரிய கூட்டை அல்ல. சிலிண்டர்களுக்கு அடியில் வரும் அந்த வளைதகடுகள்தான் முதலில். உள்ளங்கை அகலத் தகரம், விலையும் சொற்பம். மேலிருந்து வரும் காற்று இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே நேராகக் கீழே விழுந்துவிடாமல், சிலிண்டர் மேலுள்ள குளிர்விக்கும் விளிம்புகளான ஃபின்களைச் சுற்றி அடிவயிறுவரை தழுவிப் போகும்படி செய்வது அதுதான். வால்வை இயக்கும் கம்பிகள் ஓடும் புஷ்ராட் குழாய்களும் ஹெட்டும் பூட்டும் முன்பே வைத்துவிட வேண்டியது. மறந்துபோய் ஹெட்டை இறுக்கியவர்களுக்கு மறுபடி பிரிக்க மனம் வராது, அந்தத் தகடு மேஜையிலேயே தங்கிவிடும். என் இன்ஜினிலும் அப்படித்தான் நடந்திருக்கும்.

அதற்கு அடுத்தபடி ரப்பர்கள். ஸ்பார்க் பிளக் ஒயர் கவருக்குள் நுழையும் ஓட்டையை மூடும் ரப்பர், இன்ஜின் தகட்டுக்கும் பாடிக்கும் நடுவே ஓடும் நீள ரப்பர். இரண்டாவது இல்லாவிட்டால் கீழே போன சூட்டுக் காற்றே மேலே ஏறி விசிறிக்குள் திரும்ப வரும். சோதிப்பது சுலபம். இன்ஜினை ஓடவிட்டு, ஒரு குச்சி நுனியில் கட்டிய தையல் நூலைச் சந்துக்கு மேலே பிடியுங்கள், பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில். நூல் மேல்நோக்கிப் படபடத்தால் அங்கே கீழ்க்காற்று ஏறுகிறது.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சண்டை ஓயவே ஓயாது. சூடான ஊருக்கு எதற்கு என்று கழற்றுகிறார்கள். 65 முதல் 70 டிகிரியில் விரிந்து கதவைத் திறக்கிற பெல்லோஸ் (மடிப்புக் குழல்) அது. கசிந்து கெட்டுப்போனால் தானே விரிந்து கதவைத் திறந்தே வைக்கும், அதனால் இன்ஜினுக்குக் கேடு இல்லை. கழற்றினாலும் பரவாயில்லை, கதவுகளையாவது விட்டு வையுங்கள். திறந்து நிற்கும் கதவு, காற்றைத் திருப்பிவிடும் தகடாகவும் வேலை செய்கிறது. நான் இரண்டையும் திரும்ப மாட்டிவிட்டேன்.

3ஆம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வையும் புதிதாகப் போட்டேன். நீண்டதை நம்பி ஓட்டக் கூடாது. தகடுகள் முழுவதும் ஏறிய பிறகு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஒரு காலை, ஆறிய இன்ஜினில் கவரைக் கழற்றினேன். கேஜ் லேசான பிடிப்போடு உள்ளே போனது.